பெயின்ட் டப்பாவை அப்படியே வையுங்கள்

நினைவுச் சிலைக்கு ஆண்டு விழா என்றதும் முதலில் வந்து இறங்குவது பெயின்ட் டப்பாதான். வெண்கலச் சிலையென்றால் தயவுசெய்து வேண்டாம். சிற்பியின் கையெழுத்து, வார்ப்புப் பட்டறையின் முத்திரை, வார்த்த ஆண்டு எல்லாம் பெரும்பாலும் பாதத்துக்குப் பின்னால், அடித்தட்டின் விளிம்பில்தான் இருக்கும். இரண்டு கோட் எனாமலில் அத்தனையும் போச்சு. எழுத்து மங்கியிருந்தால் இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், நிழலில் தெரியும். பீடத்துக் கல்வெட்டை மட்டும் நம்பாதீர்கள். அது திறப்பு விழாத் தேதி, வார்த்தது முன்பே இருக்கலாம்.

பச்சை படிந்தாலே பதற வேண்டியதில்லை. சீராக ஒட்டிப்பிடித்த பச்சை உலோகத்துக்குக் காவல். தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிதான் வில்லங்கம்: உப்பில் இருக்கும் குளோரைடு உலோகத்தை உள்ளே அரித்துக்கொண்டே போகிறது. கடலோரத்தில் இது அதிகம். இதற்குக் கைவைத்தியம் கிடையாது, சிலைப் பாதுகாப்பு நிபுணர்தான் வேண்டும்.

மற்றபடி ஆண்டுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர், சில சொட்டு காரமில்லாத சோப்பு, மென்மையான பிரஷ். முழுக்கக் காய்ந்தபின் மெல்லிசாக மெழுகு தடவி, பருத்தித் துணியால் தேய்த்தால் போதும். பித்தளை பாலிஷ், அமிலம், கம்பி பிரஷ் பக்கமே போகாதீர்கள்.

பலரும் கவனிக்காதது, அடியில் இருக்கும் நீர் வடியும் துளை. அழகுக்காக அதையும் சேர்த்துச் சிமென்ட் பூசிவிடுவார்கள். சிலையின் வெற்றிடத்துக்குள் தண்ணீர் தேங்கும், உள்ளே தாங்கி நிற்கும் இரும்புச் சட்டம் துருவேறி வீங்கும், கணுக்காலில் விரிசல் விடும். மழைக்கு முன் ஒரு மரக்குச்சியால் துளையைக் குத்திப் பாருங்கள்.