சேர் கேட்ட நான்கு கேள்விகள்

சேர் காலமான செய்தி வந்த அதே கிழமைதான் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவிடமிருந்து கட்டுரை கேட்டு அழைப்பும் வந்தது. எதைப் பற்றி எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. 2003 உயர்தரக் கணிதப் பிரிவில் இருந்த எல்லோருக்கும் அவர் பௌதிகவியல் சேர். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் வரும் இரட்டைப் பாடவேளையையும், கரும்பலகையின் வலது மூலையில் அவர் யாரையும் அழிக்க விடாத அந்தச் சதுரத்தையும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பள்ளி விட்ட பிறகு மேல்மாடியின் கடைசி அறையில் அவர் நடத்திய இன்னொரு வகுப்பை அறிந்தவர்கள் சிலர்தான். அது நேரசூசியில் இல்லாத வகுப்பு. இருபது வருடமாக எனக்குச் சோறு போடுவது அதுதான்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 பாதை திறந்தது. அதன் பிறகு லொறியில் வந்து இறங்கிய பொருட்களோடு லண்டன் கிளையினர் அனுப்பிய பழைய கணினிகளும் வந்தன. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டவை. விண்டோஸ் 95 ஓடியது. அவற்றில் இருந்த, கணினிகளை ஒன்றோடொன்று கம்பியால் இணைக்கும் ஈதர்நெற் அட்டைகள் பழைய வகை. கோஅக்சியல் கம்பி பூட்டுபவை. ஒரே கம்பி ஒவ்வொரு கணினியின் பின்புறத்தையும் ரி வடிவ இணைப்பி ஒன்றால் தொட்டுக்கொண்டு போகும். அந்தக் கம்பியின் இரண்டு நுனிகளிலும் 50 ஓம் தடை உள்ள மூடி போட வேண்டும். ரெர்மினேற்றர் என்பார்கள். பெட்டிக்குள் கம்பி இருந்தது, இணைப்பிகள் இருந்தன, மூடிகள் மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கடைகளில் கேட்டால் அப்படியொரு சாமானை ஒருவரும் கண்டதில்லை.

சேர் பழுதான ரேடியோ ஒன்றின் பலகையைக் கொண்டு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தடையிகளின் நிறவளையங்களை எங்களையே வாசிக்க வைத்தார். கபிலம், கறுப்பு, கபிலம்: 100 ஓம். அப்படி நான்கைக் கழற்றச் சொன்னார். இரண்டை நெடுக்கே அருகருகாக வைத்து, கால்களை முறுக்கி, வெட்டி எறிந்த கம்பித் துண்டின் முனைக்குள் நுழைத்து ஈயம் வைத்தார். “சமாந்தரமா ரெண்டு நூறு. எவ்வளவு?” என்றார். “அம்பது சேர்” என்றோம். பரீட்சைத் தாளில் பல தரம் செய்த கணக்கு அன்றைக்குத்தான் கையில் சூடாக இருந்தது.

கல்லூரி ஜெனரேற்றரைப் போட்டு, ஒரு கணினிக்கு 192.168.0.1 என்றும் அடுத்ததற்கு 192.168.0.2 என்றும் முகவரி கொடுத்தார். கறுப்புத் திரையில் பிங் என்று அடிக்கச் சொன்னார். மற்றக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. பதில் வரிகள் நான்கு ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன. ஒவ்வொன்றிலும் 32 பைற். பக்கத்து மேசையில் இருந்த இயந்திரம் இந்த இயந்திரத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறது! நாங்கள் கத்திய சத்தத்துக்குக் கீழ்மாடியிலிருந்து உப அதிபரே மேலே வந்து பார்த்தார்.

அந்த மகிழ்ச்சி அடங்கும் முன்பே சேர் ஒரு நுனியின் மூடியைக் கழற்றினார். திரும்பவும் பிங். “றிக்குவெஸ்ற் ரைம்ட் அவுட்.” மூடி கழன்ற இடத்தில் கம்பி அறவில்லை, நடுவில் ஒன்றும் கழரவில்லை; ஆனாலும் இரண்டு கணினிகளும் ஊமையாகிவிட்டன. “கம்பி முடியிற இடத்தில துடிப்புக்கு என்ன நடக்கும்? போன கிழமைதானே படிச்சனீங்கள்” என்று கேட்டுவிட்டு, நாங்களாகச் சொல்லும்வரை காத்திருந்தார். தெறித்துத் திரும்பும். திரும்பி வந்த துடிப்பு புதிதாகப் போகும் துடிப்போடு மோதும். ஈதர்நெற் அட்டை பேசுவதற்கு முன் கம்பியில் வேறு யாரும் பேசுகிறார்களா என்று கேட்கும். மோதல் தெரிந்தால் நிறுத்தி, ஏதோ ஒரு சிறு நேரம் பொறுத்துத் திரும்பத் தொடங்கும். தன் சொல்லே தெறித்து வந்து தன்னை மறித்தால் அது எப்போது பேசி முடிப்பது? அந்த 50 ஓம் தடை துடிப்பை நுனியிலேயே விழுங்கிவிடுகிறது. அலைகள் பற்றிய பாடம் எதற்காக இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

அதற்கு அடுத்த நாட்களில்தான் நான்கு கேள்விகளும் வந்தன. இரண்டு கருவி பேச வேண்டுமென்றால் நான்கு கேள்விக்கு விடை இருக்க வேணும் என்றார். கம்பி இருக்கா? பக்கத்தில நிக்கிறது ஆர்? எந்த வழியால போறது? போய்ச் சேர்ந்ததா? இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது. முதற் கேள்விக்கு விடை தெரியாமல் மூன்றாவதைக் கேட்கிறவன் விடியும்வரை தேடுவான்.

இரண்டாவது கேள்விக்காக ஒவ்வோர் ஈதர்நெற் அட்டைக்கும் 48 பிற்றில் ஓர் எண் இருக்கிறது. முற்பாதி அதைச் செய்த நிறுவனத்தைச் சொல்லும். “192.168.0.2 ஆர்? உம்மட அட்டை எண்ணைச் சொல்லும்” என்று ஒரு கணினி கம்பியில் உள்ள எல்லோரையும் பார்த்துக் கேட்கும். உரியவர் மட்டும் பதில் தருவார். கேட்டவர் அதைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருப்பார். மூன்றாவது கேள்வி, கம்பிக்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்கு. நடுவில் நின்று பொதிகளுக்கு வழிகாட்டும் ரவுட்டர் எதற்கும் முழு வழியும் தெரிந்திருக்கத் தேவையில்லை. அடுத்த படி தெரிந்தால் போதும். வழி தவறிய தரவுப் பொதி உலகம் முடியும்வரை சுற்றாமல் இருக்க அதற்கு ஓர் ஆயுள் எண்ணும் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். சுழியமானால் பொதி கைவிடப்படும்.

நான்காவது கேள்விக்கு வந்தபோது சேர் கணினிப் பக்கமே போகவில்லை. “உங்கட வீட்டில வெளிநாட்டுக் கடிதத்துக்கு நம்பர் போடுறவையா?” என்று கேட்டார்.

எல்லோர் வீட்டிலும் போட்டார்கள். தரைப்பாதை மூடியிருந்த அந்த வருடங்களில் எந்தக் கடிதம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பின்னால் எழுதியது முன்னால் வரும். சில வராமலே போகும். ரொறொன்ரோவிலிருந்து அக்கா அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் வலது மேல் மூலையிலும் வட்டத்துக்குள் ஓர் எண் இருக்கும். அம்மா பதிலின் முதல் வரியிலேயே எழுதுவார்: “உன் 14 கிடைத்தது. 13 இன்னும் வந்து சேரவில்லை. அதில் என்ன எழுதியிருந்தாய்?” அக்கா 13இல் இருந்ததை மறுபடி எழுதி அனுப்புவார். முந்தியது பிறகு ஒருநாள் வந்து சேர்ந்தால் அம்மா இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றை எடுத்து வைத்துவிடுவார்.

“இதுதான் ரி.சி.பி.” என்றார் சேர். தரவு தவறாமல் போய்ச் சேரக் கணினிகள் பின்பற்றும் விதிமுறை அது. அனுப்புகிறவர் எண் போடுகிறார். பெறுகிறவர் கிடைத்ததைச் சொல்கிறார். விடுபட்டதை அனுப்பியவர் மறுபடி அனுப்புகிறார். இரண்டு தரம் வந்ததைப் பெற்றவர் தள்ளிவிடுகிறார். ஒழுங்கு குலைந்து வந்ததை நிரைப்படுத்தி வாசிக்கிறார். ரி.சி.பி. எண்ணுவது கடிதங்களை இல்லை, பைற்றுகளை என்பதையும், இன்னும் வராத எண் எதுவோ அதையே அது திரும்பத் திரும்பக் கேட்கும் என்பதையும் அன்றே சொல்லிவிட்டார். உவமையை உவமையாகவே விட்டுவிடுகிற பழக்கம் அவரிடம் இல்லை.

பிறகு வரலாற்றுக்குப் போனார். 1969 ஒக்ரோபர் 29 அன்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலிருந்து ஸ்ரான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்துக்கு ‘லொகின்’ என்ற சொல்லை அனுப்பத் தொடங்க, முதல் இரண்டு எழுத்துகள் போனதும் மறுமுனைக் கணினி விழுந்துவிட்டது. 1974இல் வின்ற் சேர்ஃப், பொப் கான் இருவரும் வெளியிட்ட வடிவத்தில், வெவ்வேறு வலையமைப்புகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் வழி இருந்தது. 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெற் முழுவதும் அந்த முறைக்கு மாறியது. நடுவில் உள்ளது தொலைக்கலாம், தாமதிக்கலாம், ஒழுங்கைக் குலைக்கலாம். அதை நம்பி இருக்காதே, பொறுப்பு இரண்டு நுனியிலும் இருக்கட்டும் என்பதுதான் அதன் அடி எண்ணம். எங்கள் தாய்மார் அதைத் தபாலில் நடத்திக்கொண்டிருந்தார்கள் என்று சேர் சொன்னபோது அறையில் சத்தமே இல்லை. பின்வாங்கில் இருந்த ஒருவனின் அண்ணாவிடமிருந்து வெகுகாலமாக எந்த எண்ணும் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். சேருக்கும் தெரியும். மெல்லப் போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் மீதிப் பாடத்தை முடித்தார்.

நான் 2004இல் வெளிக்கிட்டேன். இன்று இங்கே ஒரு மருத்துவமனையின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். கோஅக்சியல் கம்பி எப்போதோ போய்விட்டது. கண்ணாடி இழை வந்தது, வைஃபை வந்தது, கையடக்கத் தொலைபேசி வந்தது. மாறியதெல்லாம் பெரும்பாலும் முதற் கேள்விக்கான விடைதான். மேலே உள்ள மூன்றும் கீழே ஓடுவது செம்பா, ஒளியா, காற்றா என்று கவலைப்படாமல் தங்கள் வேலையைச் செய்கின்றன. அதனால்தான் இந்தக் கட்டடம் ஐம்பது வருடமாக நிற்கிறது. 192.168.0.1 போன்ற, 32 பிற்றில் அமைந்த பழைய ஐ.பி. முகவரிகள் ஏறக்குறைய 430 கோடிதான். அவை போதாமற் போனபோதும் பெரும்பாலும் மூன்றாவது கேள்வியின் தட்டிலேயே கைவைத்து 128 பிற்று முகவரியைக் கொண்டுவர முடிந்தது. நடுச்சாமத்தில் ஒரு வார்ட்டின் திரைகள் நின்றுவிட்டன என்று அழைப்பு வந்தால், என்னோடு வேலை செய்யும் இளம் பிள்ளைகள் மடிக்கணினியைத் திறக்கிறார்கள். நான் முதலில் சுவரில் உள்ள கம்பியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

அம்மாவோடு இப்போது வீடியோவில் பேசுகிறோம். அதில் பெரும்பாலும் ஓடுவது யு.டி.பி. என்ற வேறொரு விதிமுறை. தொலைந்த துண்டை அது திருப்பி அனுப்பாது. பிந்தி வரும் குரலால் பயனில்லை என்பது அதன் நியாயம். அம்மாவின் பேச்சில் ஒரு சொல் விழுந்தால் விழுந்ததுதான். “என்னம்மா சொன்னனீங்கள்?” என்று கேட்டால், “ஒண்டுமில்லை, விடு” என்கிறார். அக்காவின் 13ஆவது கடிதத்தை விடாமல் கேட்டு வாங்கிய அதே அம்மா.

போவதற்கு முதல் மேல்மாடிக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். சேர் திறப்பை மேசையில் வைத்துவிட்டு, “தம்பி, நல்லாப் படியும். படிச்சிட்டு வந்து இந்த அறையை நீர் எடும்” என்றார். “ஓம் சேர்” என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன். பிறகு படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள். நடுவில் 2009. அவர் ஓய்வு பெறும்வரை வேறு யாரும் அந்த அறையை எடுக்கவில்லை. அவர் ஒருநாளும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. மின்னஞ்சலில் கேட்டதெல்லாம் பாடம்தான்: ஐ.பி. ஆறாம் பதிப்பில் அட்டை எண்ணைக் கேட்பது எப்படி, வைஃபையில் மோதலை எப்படித் தவிர்க்கிறார்கள். எழுபது கடந்த பிறகும் கேட்டார். நான் விளக்கி எழுதினால், “கிடைத்தது. இரண்டாம் பந்தி விளங்கவில்லை” என்று பதில் வரும்.

இந்த வருடம் சங்கம் கல்லூரிக்குப் புதிய கணினிக் கூடம் கட்டித் தரத் தீர்மானித்திருக்கிறது. நல்ல காரியம், என் பங்கை நான் கட்டிவிட்டேன். ஆனால் வரவுசெலவுத் திட்டத்தில் திரைகளும் மேசைகளும் குளிரூட்டியும் இருக்கின்றன, படிப்பிக்கிற ஓர் ஆளுக்கான சம்பளம் இல்லை. வலையமைப்பு அலகைப் பரீட்சைக்கு வாசித்து விடுகிறார்கள், கம்பி முனையைப் பிள்ளைகள் கையால் தொட்டதில்லை என்று இப்போது அங்கே படிக்கும் என் பெறாமகன் சொல்கிறான். அந்த நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, பள்ளி விட்ட பிறகு வகுப்பெடுக்க ஓர் இளம் ஆசிரியரை நாங்கள் அமர்த்த வேண்டும். ஒரு சுருள் கம்பி, முனை அடிக்கும் குறடு, கழற்றிப் பார்க்கப் பழைய வலையமைப்பு ஸ்விச்சுகள்: இவற்றை நான் வாங்கி அனுப்புகிறேன். செய்முறைகளைத் தமிழில் எழுதித் தருகிறேன். கோடையில் எங்களுக்குச் சனிக்கிழமை காலை எட்டு மணி என்றால் அங்கே பின்னேரம் ஐந்தரை. அந்த நேரத்தில் கிழமைக்கொரு வகுப்பை இங்கிருந்து எடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். அந்த அறையில் ரேடியோப் பலகையிலிருந்து தடையி கழற்றியவர்கள் யாராவது இதை வாசித்தால், கூட்டத்துக்கு முன்னமே எனக்குச் சொல்லுங்கள்.