ஒரு நாள் சம்பளம், ஊர் முழுக்க ஹோர்டிங்

சென்னையில் மாடலிங் என்றால் ராம்ப், அதாவது ஃபேஷன் ஷோ மேடை நடை, மிகக் குறைவு. பட்டுப்புடவைக் கடை, நகைக்கடை, திருப்பூர் பின்னலாடை, ஆன்லைன் கேட்லாக், நடுவில் ஒரு பெயின்ட் விளம்பரமோ மசாலா விளம்பரமோ, இவைதான் சோறு போடுகின்றன. அட்சய திரிதியை நகை ஷூட் மாசி, பங்குனியில் நடக்கும். ஆடித் தள்ளுபடிக்கு ஆனியில் எடுப்பார்கள், தீபாவளிக்கு ஆவணியில். இடையில் பல வாரங்கள் சும்மா கிடக்கும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வராதீர்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால்தான் பிடிக்காத வேலைக்கு முடியாது என்று சொல்ல முடியும். முடியாது என்று சொல்ல முடிகிறவர்தான் இந்தத் துறையில் நிலைக்கிறார் என்பது என் எண்ணம்.

ராம்புக்குப் பெண்களிடம் 5 அடி 8 அங்குலம் கேட்பார்கள். புடவைக்கும் நகைக்கும் 5 அடி 4 அங்குலம் இருந்தாலே வேலை கிடைக்கும். நகைக்கு உயரத்தைவிடக் கழுத்து, தோள், கை ஆகியவைதான் முக்கியம். எதுவானாலும் அளவை உள்ளபடி கொடுங்கள். மெல்லிய உடையின் மேல் டேப் வைத்து இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பை ஓர் அங்குலம் குறைத்துச் சொன்னால் ஷூட் அன்றைக்கு ஜாக்கெட் ஹூக் போடாது. அப்போது கோபம் உங்கள் உடம்பின் மேல் திரும்பும். அளவு தப்பாகச் சொல்லப்பட்டது யாருக்கும் நினைவிருக்காது.

முதலில் தேவைப்படுவது டிஜிட்டல்ஸ், அதாவது மேக்கப் இல்லாத சாதாரணப் படங்கள். ஜன்னல் வெளிச்சம், வெறும் சுவர், ஒட்டிய பனியன், ஜீன்ஸ், பின்னுக்குக் கட்டிய முடி. நேராக, முக்கால் பக்கமாக, இரு பக்கவாட்டு, முதுகு, முழு உருவம், கை. முழு உருவப் படத்துக்குப் போனை மார்பு உயரத்துக்குக் கீழே பிடிக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகத் தெரியும். அகல லென்ஸில் கிட்டப்போய் எடுத்தால் மூக்கு பெரிதாகும். முகப் படத்துக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2எக்ஸ் ஜூமில் எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எடுத்தால் போதும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இதைத் தாண்டி, வேலை வாங்கித் தருகிறேன், எங்களிடமே போர்ட்ஃபோலியோ (படத் தொகுப்பு) எடுக்க வேண்டும், ஐம்பதாயிரம் கட்டு, பதிவுக் கட்டணம் கட்டு என்று சொல்கிற கோஆர்டினேட்டரின் வருமானமே அந்தக் கட்டணம்தான். முறையாக நடப்பவர் நீங்கள் சம்பாதித்த பிறகு அதில் கமிஷன் எடுப்பார். நியூயார்க்கில் 2025 ஜூன் முதல் நடப்புக்கு வந்த ஃபேஷன் தொழிலாளர் சட்டம் அந்தக் கமிஷனுக்கு 20 விழுக்காடு என்று உச்சவரம்பே வைத்திருக்கிறது. மாடலிடம் முன்பணம் வாங்குவதையும் தடுக்கிறது. இங்கே அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனால் பேரம் பேசும்போது அந்த 20-ஐ அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இனி, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத வேலை. கடைப் புடவை, ஷூட் முடிந்ததும், திரும்பவும் அலமாரிக்குப் போய் விற்பனையாக வேண்டும். ஆகையால் ஜரிகையில் ஊக்கு குத்தக் கூடாது. இடுப்பில் பருத்தி நாடாவை இறுகக் கட்டி அதில் கொசுவத்தை கிளிப் போட்டு நிறுத்துவார்கள். தோளில் ஊக்கு தவிர்க்க முடியாதென்றால் அடியில் மடித்த துணித்துண்டு ஒன்றை வைத்துக் குத்துவார்கள், பட்டு இழை கிழியாமல் இருக்க. செருப்பை முதலில் போட்டுக்கொண்டுதான் புடவை கட்ட நிற்க வேண்டும். பிறகு ஹீல்ஸ் மாட்டினால் கரை தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே ஏறி நிற்கும், மறுபடி எல்லாம் அவிழ்க்க வேண்டும். கட்டிய பிறகு உட்காரக் கூடாது, உயர ஸ்டூலில் சாய்ந்துகொள்ளலாம். பட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கறை நிற்கும் என்பதால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் ஸ்ட்ரா.

கேட்லாக் ஷூட்டில் ஒரு நாளைக்கு 30 புடவை என்பார்கள். கட்ட 10 நிமிடம், எடுக்க 6 நிமிடம் என்று வைத்தாலும் 30 புடவைக்கு 480 நிமிடம். சாப்பாடும் மேக்கப்பும் இல்லாமலே எட்டு மணி நேரம் போய்விட்டது. இருபதாவது புடவைக்கு மேல் தோள் தொங்கும், கண் மங்கும், கழுத்து முன்னால் வரும். படத்தில் அது அப்படியே தெரியும். அதனால் மணி நேரத்துக்கு மட்டும் விலை பேசாமல், எத்தனை உடை என்பதையும் எழுதி வாங்குங்கள். எண்ணிக்கை கூடினால் ஒவ்வோர் உடைக்கும் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

நகை ஷூட்டில் இன்னொரு விதமான கவனம். கழுத்தில் போட்ட ஃபவுண்டேஷன் முத்திலும் கல்லிலும் ஒட்டும். பவுடர் வைத்து நன்றாக அழுத்திய பிறகுதான் நகை ஏற வேண்டும். நீள ஆரம் பக்கவாட்டில் நழுவாமல் இருக்க உள்ளே இருபுற டேப். தாடையைத் தாழ்த்தினால் அட்டிகையில் நிழல் விழும். மூச்சைப் பாதி வெளியே விட்டு நிறுத்தினால் காறை எலும்பு இறங்கி, ஆரம் நேராக விழும். இது பழக்கத்தில் வருவது, கண்ணாடி முன் பயிற்சி செய்யலாம். நகையைக் கடை ஆள் வெள்ளைத் துணியில் வைத்து எண்ணிக் கொடுக்கும்போது ஒரு போட்டோ, திருப்பி வாங்கும்போது ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கழிவறைக்கு நகையோடு போகாதீர்கள். ஒரு திருகாணி காணாமல் போனாலும் எல்லோரும் முதலில் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

நிறத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கடை, தமிழ்நாட்டு வாடிக்கையாளர், காஞ்சிபுரத்துப் புடவை. ஹோர்டிங்கில் மட்டும் மும்பையிலிருந்து விமானத்தில் வந்த வெளுத்த முகம். மாநிறப் பெண்ணை எடுத்தாலும் மேக்கப் நாற்காலியில் இரண்டு ஷேடு கூட்டுவார்கள், மிச்சத்தை ரீடச்சில், அதாவது படத்தைக் கணினியில் திருத்தும்போது, வெளுப்பார்கள். இது நியாயமில்லை என்பதோடு, தொழில்நுட்பமாகவும் மோசமான வேலை. நம் தோலின் அடியில் மஞ்சளும் பொன்னும் கலந்த சாயல் இருக்கிறது. அதன்மேல் இளஞ்சிவப்புச் சாயலுள்ள வெளிர் ஃபவுண்டேஷனைப் பூசினால் முகம் சாம்பல் பூத்துப்போகும். எஸ்பிஎஃப் உள்ள வெயில் தடுப்புக் கிரீமில் டைட்டானியம் டை ஆக்சைடோ சிங்க் ஆக்சைடோ இருந்தால் ஃப்ளாஷில் வெள்ளையாகத் திருப்பி அடிக்கும். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம், காது இன்னொரு நிறம் என்று வந்த படத்தைச் சரிசெய்ய எடிட்டர் எல்லாவற்றையும் சேர்த்து வெளுப்பார். பட்டின் அரக்கு நிறம் அதோடு சேர்ந்து செத்துப்போகும்.

உங்கள் ஷேடுக்குச் சரியான ஃபவுண்டேஷன் இரண்டு, ஒன்று இயல்பான நிறம், ஒன்று வெயிலில் கறுத்த நாட்களுக்கு, உங்கள் பையில் இருக்கட்டும். மணிக்கட்டில் பார்க்காதீர்கள், தாடை ஓரத்தில் கோடு போட்டு, காய விட்டு, போன் ஃப்ளாஷில் ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். மேக்கப் ஆர்ட்டிஸ்டிடம் சண்டை வேண்டாம், "அக்கா, இது என் கழுத்தோட மேட்ச் ஆகும், ஒரு டெஸ்ட் ஷாட் பார்த்துக்கலாமா" என்றால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஃபோட்டோகிராஃபரிடம் முகத்து வெளிச்சத்துக்கு மீட்டர் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். வெள்ளைப் புடவைக்கு ஏற்ப எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவை, வைத்துவிட்டு முகம் இருட்டாக இருக்கிறது என்றால் அது உங்கள் தோலின் குற்றமில்லை.

இந்த அழுத்தத்தில் கிரீமுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். ஸ்டீராய்டு கலந்த வெளுப்புக் கிரீம் முதல் சில வாரம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பருவும் சிவப்பும் வரும், நிறுத்தினால் எரியும். பெயர் தெரியாத இறக்குமதிக் கிரீம்களில் பாதரசம் இருந்து சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு. 2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில் மருத்துவர்கள் அப்படிப்பட்ட நோயாளிகளைக் கண்டு எச்சரித்தார்கள். குளுட்டாதயோன் ஊசியைத் தோல் வெளுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரிக்கவில்லை. இதையெல்லாம் எந்தக் கோஆர்டினேட்டர் பரிந்துரைத்தாலும் அவரோடு வேலை செய்யாதீர்கள்.

மாற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2009-ல் சென்னையில் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2014-ல் விளம்பரத் தரக் கவுன்சில், கறுப்பு நிறத்தைத் தாழ்வாகவோ தோல்விக்குக் காரணமாகவோ காட்டக் கூடாது என்று வழிகாட்டுதல் கொண்டுவந்தது. 2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து ஃபேரை எடுத்தது. ஆனால் புடவை விளம்பரத்தில் யாரை நிறுத்துவது என்பது இன்னும் கடை முதலாளியின் அறையில்தான் முடிவாகிறது. அந்த அறையில் மாநிறப் படம் ஒன்று நன்றாக எடுக்கப்பட்டதாக இருப்பதுதான் பலமான வாதம். அதனால்தான் ஃபவுண்டேஷனைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

எடையைப் பற்றிச் சுருக்கமாக. ஷூட்டுக்கு முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, சாப்பாட்டை விடுவது, இரண்டும் விளக்கு வெப்பத்தில் மயக்கத்தில் முடியும். பிரான்சில் 2017 முதல் மாடலுக்கு மருத்துவச் சான்று கட்டாயம். இங்கே அந்தச் சான்று இல்லாததால், நீங்களே வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் நின்றுபோனால் அது கட்டுக்கோப்பின் அடையாளமில்லை, மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்.

சொந்த ஸ்டைல் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கேஸ்டிங்குக்கு, அதாவது ஆள் தேர்வுக்கு, அலங்காரம் இல்லாமல் போங்கள், மற்ற நாட்களில் பிடித்ததை உடுத்துங்கள். இரண்டையும் குழப்ப வேண்டாம். முடியின் நீளமும் நிறமும் மட்டும் வேலையோடு சேர்ந்தவை, வெட்டுவதற்கு முன் கையில் இருக்கும் புக்கிங்கைப் பாருங்கள். மருதாணி இரண்டு வாரம் கையில் நிற்கும், நகை ஷூட்டைக் கெடுத்துவிடும். புருவமும் வாக்சிங்கும் இரண்டு நாள் முன்னதாகவே முடியட்டும், அன்றைக்கே செய்தால் சிவந்திருக்கும். மூக்குக் குத்த வேண்டும் என்று யாராவது சொன்னால், ஒரு ஷூட்டுக்காகக் குத்த வேண்டியதில்லை; அழுத்தி மாட்டும் மூக்குத்தி இருபுறத்துக்கும் கிடைக்கிறது.

இப்போது காகிதம். பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் பொதுவாகப் படத்துக்கு முதல் உரிமையாளர். மாடலுக்கு அதில் பங்கில்லை. உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எழுதியதுதான். ஒரு நாள் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்த படம் மூன்று வருடம் ஹோர்டிங்கில் நிற்பதும், அதனால் இன்னொரு நகைக்கடை உங்களை வேண்டாம் என்பதும் இங்கேதான் தொடங்குகிறது. எந்த ஊடகம், எந்த மாநிலம், எத்தனை மாதம், வேறு கடைக்கு வேலை செய்யக் கூடாதென்றால் எவ்வளவு காலம், நீட்டித்தால் எவ்வளவு. இந்த ஐந்தும் வாட்ஸப்பில் ஒரு செய்தியாகவாவது இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக நாள் சம்பளம் 20,000 என்றால், அது கடைக்குள்ளும் இன்ஸ்டாகிராமிலும் ஆறு மாதத்துக்கு என்று வைத்து, ஹோர்டிங்குக்குத் தனித் தொகை கேளுங்கள். எல்லா ஊடகமும் எக்காலமும் என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆறாவதாக இப்போது ஏஐ. ஒருமுறை எடுத்த முகத்தை அடுத்த சீசன் புடவைகளில் ஒட்டிவிட முடியும். எச் அண்ட் எம் 2025-ல் 30 மாடல்களின் டிஜிட்டல் உருவங்களைச் செய்வதாக அறிவித்தபோது உரிமை மாடலுக்கே என்றது. உங்கள் ஒப்பந்தத்தில், என் முகத்தையோ உடலையோ கணினியில் மாற்றி புதிய படம் உருவாக்கவும் மென்பொருளைப் பயிற்றுவிக்கவும் தனி எழுத்து அனுமதியும் தனிக் கட்டணமும் வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

பணம் வசூலிக்க ஒரு வழி பலருக்குத் தெரிவதில்லை. உத்யம், அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். வேலைக்கு முன்பே பதிந்து, பில்லில் அந்த எண்ணை அச்சிடுங்கள். குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் 2006-ன்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், கெடு தாண்டி நிற்கும் தொகையைக் கடைக்காரர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வரி குறைக்கவும் முடியாது. ஆகவே நினைவூட்டல் மெயிலை முதலாளிக்கு அனுப்புவதோடு கணக்குப் பிரிவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பில் எண், உத்யம் எண், கெடு தேதி மூன்றும் தலைப்பிலேயே இருக்கட்டும்.