கர்சனை 1905-இல் நிறுத்தாதீர்கள்

சிவில் சர்வீஸ் தேர்வின் இறுதிப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. அடியில் எங்கோதான். பரவாயில்லை, இருக்கிறது. வரலாற்றை ஆப்ஷனலாக (விருப்பப் பாடமாக) எடுத்த சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். எந்தச் செய்தித்தாள், எத்தனை மணிக்கு எழுவது என்பதையெல்லாம் ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: வைஸ்ராய்களைப் பட்டியலாகப் படிக்காதீர்கள். ஒருவரையாவது பிறப்பிலிருந்து இறப்பு வரை படியுங்கள். நான் பிடித்துக்கொண்ட ஆள், 1899 முதல் 1905 வரை இங்கே வைஸ்ராயாக இருந்த கர்சன்.

நான் பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி மையம் கர்சனுக்குக் கொடுத்தது ஒரே ஒரு பக்கம். 1899 கல்கத்தா மாநகராட்சிச் சட்டம், 1901 வடமேற்கு எல்லைப்புற மாகாணம், 1902 போலீஸ் கமிஷன், 1904 பல்கலைக்கழகச் சட்டம், 1905 வங்கப் பிரிவினை, பதவி விலகல், முற்றும். அட்டவணையை மனப்பாடம் செய்ய முடிகிறவர்களுக்கு அது போதும், அவர்கள் மேலே படிக்க வேண்டாம். எனக்கு அட்டவணையைக் கண்டாலே கொட்டாவி வரும். ஓர் ஆளின் கதை என்றால் ஆண்டுகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

சரி, கதைக்கு வருவோம். 1859-இல் டெர்பிஷயரில், கெடில்ஸ்டன் மாளிகையில் பிறப்பு. அப்பா ஸ்கார்ஸ்டேல் பிரபு, அந்த ஊர்த் திருச்சபைக் குருவும் அவரே. ஈட்டன் பள்ளி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரி. இளவயதிலேயே முதுகெலும்பு கெட்டுப்போய், கடைசி வரை உடம்பில் இறுக்கமான கச்சை கட்டியே வாழ்ந்தார். அவர் விறைத்து நிற்பதைப் பார்த்து அகம்பாவி என்றார்கள். பாதி வலி, பாதி நிஜமாகவே அகம்பாவம். தன்னை மேலானவன் என்று அவரே பீற்றிக்கொள்வதுபோல் கல்லூரியில் கட்டிய கேலிப்பாட்டு ஆயுசுக்கும் அவரைத் துரத்தியது.

1886-இல் சவுத்போர்ட் எம்.பி. அப்புறம் ஊர் ஊராகச் சுற்றுகிறார்: மத்திய ஆசியா, பாரசீகம், பாமீர். இந்தப் பயணங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ரஷ்யா இந்தியாவை நோக்கி நகர்கிறது என்ற கவலை அவரிடம் ஊறிப்போனது இங்கேதான். எல்லைப்புற மாகாணம், 1903 பாரசீக வளைகுடாப் பயணம், யங்ஹஸ்பண்டின் திபெத் படையெடுப்பு மூன்றுக்கும் வேர் இதுதான் என்று எழுதினால், மூன்று தனித்தனிக் குறிப்புகள் ஒரே பத்தியாகிவிடும்.

நாற்பது வயது நிறையச் சில நாள் இருக்கும்போது, 1899 ஜனவரியில், வைஸ்ராய். அதற்குமுன் ஒரு பிரபுப் பட்டம் தந்தார்கள். சாதாரணப் பட்டமல்ல, அயர்லாந்துப் பட்டம். அதை வைத்திருப்பவர் பிரபுக்கள் சபையில் தானாக உறுப்பினர் ஆகமாட்டார், திரும்பி வந்து மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபைக்கு மறுபடியும் போட்டியிடலாம். பிரதமர் நாற்காலிக்கு வழி அடைபடாமல் பார்த்துக்கொண்டார். இதை மனதில் வையுங்கள், 1923-இல் தேவைப்படும்.

பலர் சறுக்கும் இடம்: பிரிவினைக்கு எழுந்த எதிர்ப்பால் பதவி விலகினார் என்று எழுதுவது. அப்படியல்ல. படைத்தளபதி கிச்னருடன் மோதல். வைஸ்ராய் கவுன்சிலில் ராணுவ உறுப்பினர் என்ற தனிப் பொறுப்பு வேண்டுமா என்பது பிரச்சினை. லண்டன் கிச்னர் பக்கம் சாய்ந்தது. ராஜினாமா ஆகஸ்ட் 1905, பிரிவினை அமலுக்கு வந்தது அக்டோபர் 16. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே விளங்கும். (1904-இல் அவர் விடுப்பில் போனபோது பொறுப்பு வைஸ்ராயாக இருந்தவர் நம் சென்னை கவர்னர் ஆம்ப்தில். முதல்நிலைத் தேர்வான ப்ரிலிம்ஸ் எழுதுபவர்கள் குறித்துக்கொள்ளலாம்.)

பயிற்சி மையத்தின் அந்த ஒரு பக்கம் இங்கே முடிகிறது. எனக்குக் கைகொடுத்தது இதற்குப் பிறகு வருவதுதான்:

- 1908: அயர்லாந்துப் பிரபுக்களின் பிரதிநிதியாகப் பிரபுக்கள் சபைக்குள் நுழைகிறார். காமன்ஸ் சபைக்கான வழி அடைபடுகிறது.
- 1911: அவர் செய்த பிரிவினை ரத்து. தலைநகர் டெல்லிக்கு மாறியதையும் கடுமையாக எதிர்த்துப் பேசினார்.
- 1917: இந்தியாவுக்குப் படிப்படியாகத் தன்னாட்சி என்று சொன்ன மாண்டேகு அறிவிப்பில் 'பொறுப்பாட்சி' (மக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்லும் ஆட்சி) என்ற சொல்லைப் போட்டவர் இவர். காங்கிரஸ் அமைதியாகச் சாக உதவுவதே தன் ஆசை என்று 1900-இல் கடிதம் எழுதிய அதே மனிதர்! 1919 இந்திய அரசுச் சட்டம் பற்றிய விடையில் இதை வைத்தால் திருத்துபவர் ஒரு நிமிடம் நிற்பார்.
- 1919 முதல் 1924 தொடக்கம் வரை வெளியுறவு மந்திரி. உலக வரலாற்றுப் பகுதிக்குக் கர்சன் கோடு (1920, போலந்து–சோவியத் எல்லையாக முன்மொழியப்பட்டது), துருக்கியுடன் சமாதானம் பேசிய லாசானே மாநாடு (1922–23). துருக்கிக் கலீஃபாவுக்காக இங்கே நடந்த கிலாஃபத் இயக்கம் பற்றி எழுதுபவர்கள், துருக்கி மீது திணிக்கப்பட்ட 1920 செவ்ர் ஒப்பந்தத்தோடு நிறுத்தாமல் லாசானே வரை போக வேண்டும்.

அப்புறம் மே 1923. பிரதமர் போனார் லா நோய் முற்றி விலகுகிறார். கர்சன் அப்போது மாண்டக்யூட் மாளிகையில் இருக்கிறார், அங்கே தொலைபேசி கிடையாது. மன்னரின் செயலாளர் ஸ்டாம்ஃபோர்டம் பிரபுவிடமிருந்து தந்தி வருகிறது, லண்டனுக்கு வரவும் என்று. பிரதமர் பதவிதான் என்று நினைத்து, மனைவியோடு ரயில் ஏறுகிறார். லண்டன் வீட்டில் செயலாளர் வந்து சொன்ன செய்தி, மன்னர் பால்ட்வினை அழைத்துவிட்டார் என்பது. எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சிக்குப் பிரபுக்கள் சபையில் ஆளே இல்லாத நிலை, பிரதமர் காமன்ஸ் சபையில் இருந்தாக வேண்டும் என்பது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. மக்கள் சம்மதத்தைப் பொருட்படுத்தாமல் நிர்வாகத் திறமை ஒன்றையே நம்பியவரை, தேர்ந்தெடுக்கப்பட்ட சபையில் இல்லை என்று ஒதுக்கினார்கள். என் விடைகளில் முக்கால்வாசி இந்த ஒரு இழையில் தொங்கியவை. ஒரு நாள் நொந்துபோய் அழுதாலும், பால்ட்வினைக் கட்சித் தலைவராக முன்மொழிந்தவரும் கர்சன்தான்.

இன்டர்வியூவிலும் உதவியது. டாஃபில் (விரிவான விண்ணப்பப் படிவத்தில்) பழைய கோட்டைகள் பார்ப்பது பொழுதுபோக்கு என்று போட்டிருந்தேன். 1904 தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆரம்பித்த உறுப்பினர், "வங்கத்தைப் பிரித்தவரைப் பாராட்டுகிறீர்களா?" என்றார். இங்கிலாந்தின் டாட்டர்ஷால் கோட்டையைச் சொன்னேன். பெயர்த்து விற்கப்பட்டு அமெரிக்காவுக்குப் போகவிருந்த அதன் கணப்பு மாடங்களை மீட்டு, 1911-இல் கோட்டையையும் வாங்கிச் சீரமைத்தவர் இதே கர்சன். கல்லிடம் காட்டிய அக்கறையைக் கல்கத்தாக்காரர்களிடம் காட்டவில்லை, கோகலே அவரை ஔரங்கசீப்போடு ஒப்பிட்டது அதனால்தான் என்றேன். தலைவர் சிரித்தார். மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான், அது வேறு கதை.

நேரம் இருப்பவர்கள் அடுத்து இன்னொரு வைஸ்ராயான ரிப்பனை எடுங்கள். உள்ளாட்சியை வளர்த்த அவரது 1882 தீர்மானத்தை, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் குறைத்த கர்சனின் கல்கத்தா சட்டத்துக்கு எதிரே வைத்தால் பத்து மார்க் கேள்வி தயார். ரிப்பன் பிறந்ததே டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டில், அப்பா அப்போது பிரதமர். அந்த ஆளையும் பதவி முடிந்த 1884-இல் நிறுத்த வேண்டாம்.