கர்ட் வார்னர்: அங்காடி அலமாரியிலிருந்து சூப்பர் பவுல் வரை

1994இல் அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸின் பயிற்சி முகாமிலிருந்து விடுவிக்கப்பட்ட கர்ட் வார்னர், அயோவா மாநிலத்துப் பல்பொருள் அங்காடியொன்றில் மணிக்கு 5.50 டாலர் கூலிக்கு இரவுகளில் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. உள்ளரங்கக் கால்பந்து, ஆம்ஸ்டர்டாம் அணி என்று சுற்றி வந்தவருக்கு, 1999இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் முதன்மைக் குவாட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை வழிநடத்தும் வீரர்) டிரென்ட் கிரீன் முழங்காலில் காயமுற்று விலகியபோதுதான் வாய்ப்புக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 28. அந்தப் பருவத்தில் 41 டச்டவுன் பாஸ்களை (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெற்றுத்தரும் வீச்சுகளை) வீசி, லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதைப் பெற்றார். டென்னசி டைட்டன்ஸுக்கு எதிரான, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில், ஆட்டம் 16-16 எனச் சமநிலையில் நின்ற கடைசி நிமிடங்களில், பாய்ந்து வந்த எதிரணி வீரர் தன் மீது மோதிய கணத்தில் அவர் ஐசக் புரூசுக்கு வீசிய பந்து 73 யார்டு டச்டவுன் ஆனது. அந்த வீச்சை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. பின்னர் அரிசோனா கார்டினல்ஸ் அணியையும் அவர் இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றார்.