ஃப்னு என்ற பெயரில் 18 கிரெடிட்

2023 ஆகஸ்ட் கடைசி. கல்லூரியில் முதல் வகுப்பு. பேராசிரியர் வருகைப் பட்டியலைப் பார்த்து "ஃப்னு?" என்று கூப்பிட்டிருக்கிறார். யாரும் கை தூக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோதுதான் தன்னைத்தான் தேடுகிறார் என்று மகளுக்கு உறைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, எனக்கு ஃப்னுன்னு பேர் வச்சது யாரு?"

நான்தான். ஊரில் அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது சர்நேம் கட்டத்தை வெறுமையாக விட்டேன். நமக்கு ஏது சர்நேம்? என் பெயர் அவளுக்கு இனிஷியல், அவ்வளவுதான். அமெரிக்க விசா அடிக்கும்போது அந்த ஒற்றைப் பெயரைக் கொண்டுபோய்ச் சர்நேம் இடத்தில் வைத்து, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம், சேர்த்து வாசித்தால் ஃப்னு. இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் இந்தத் தொல்லை தெரியாதவர்கள் குறைவு. பள்ளியில் சேர்த்தபோது பிறப்புச் சான்றிதழைக் காட்டி, என் பெயரைக் கடைசிப் பெயராகக் கொடுத்தோம். பத்து வருஷம் ஒரு வம்பும் இல்லை. பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிக் கிரெடிட் (டிகிரிக்குச் சேர்த்துக்கொள்ளும் பாட அலகு) எடுக்கலாம் என்று கிளம்பியபோதுதான் அந்த வெறும் கட்டம் பழிவாங்கியது.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே. இங்கே இதை டூயல் கிரெடிட் என்பார்கள். கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் இரண்டு வருஷக் கல்லூரியில், ஒரு பாடம் எடுத்தால் அதே மதிப்பெண் பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் ஏறும். பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடமான ஏ.பி. மாதிரி மே மாதத் தேர்வு ஒன்றை நம்பி வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டாம். எங்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. மகள் எச்-4 விசாவில் இருக்கிறாள், எச்-1பி வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்குத் தருவது அது. கிரீன் கார்டு வரிசையில் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். 21 வயதானதும் எச்-4 போய்விடும். அதற்குள் எவ்வளவு படிப்பு முடிகிறதோ அவ்வளவு நல்லது.

கல்லூரிப் பாடத்துக்குத் தயாரா என்று பார்க்கும் டி.எஸ்.ஐ. தேர்வைப் பள்ளியிலேயே ஏப்ரலில் வைத்தார்கள். ஆங்கிலத்துக்கு 945 வேண்டும், கட்டுரைக்கு 5, கணக்குக்கு 950. மூன்றையும் தாண்டிவிட்டாள். அப்ளை டெக்சாஸ் என்ற பொது இணைய விண்ணப்பமும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதை நிரப்பியவன் நான். "சட்டப்படியான பெயர்" என்று கேட்டார்களே என்று பாஸ்போர்ட்டையும் விசாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துப் பிசகாமல் எஃப்.என்.யூ. என்று அடித்தேன். இந்த விவகாரத்தில் நான் செய்த முதல் தப்பு இது. கடைசித் தப்பு கீழே வரும்.

ஜூன் நடுவில் கல்லூரியின் மாணவர் போர்ட்டலில் சிவப்பாக ஒரு ஹோல்டு, அதாவது பாடப் பதிவுக்குத் தடை. டி.எஸ்.ஐ. மதிப்பெண் இல்லை என்றது. பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலருக்கு மெயில் போட்டால் தானியங்கிப் பதில்: ஆகஸ்டில்தான் திரும்புவேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் கவுன்சிலர்களுக்கு விடுமுறை. கையெழுத்து, கடிதம் எது வேண்டுமானாலும் மே மாதத்திலேயே வாங்கி வையுங்கள்.

சரி, நேரில் போய்விடலாம் என்று அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுக் கல்லூரிக்கு ஓட்டினேன். தனியாக. வாசலில் ஐபேடில் பெயர் பதிந்துவிட்டு நாற்பது நிமிஷம் உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்த அம்மா ரொம்ப இனிமையாகப் பேசினார்.

"மாணவி வந்திருக்கிறாரா?"

"இல்லை. நான் அவளுடைய அப்பா."

"அப்படியானால் என்னால் எதுவும் சொல்ல முடியாது."

"அவளுக்குப் பதினாறு வயதுதானே?"

"வயது கணக்கில்லை சார். இங்கே அவர் கல்லூரி மாணவி."

மாணவர் பதிவேட்டின் அந்தரங்கத்தைக் காக்க 1974-லிருந்து இருக்கும் ஃபெர்ப்பா சட்டம் அது. பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டால், பதினாறு வயதானாலும் அந்தப் பதிவேட்டின் மேல் உள்ள உரிமை பெற்றோர் கையிலிருந்து பிள்ளைக்குப் போய்விடும். வரிக் கணக்கில் நம்மைச் சார்ந்த பிள்ளை என்றால் பெற்றோரிடம் விவரம் சொல்லலாம் என்று சட்டம் இடம் தருகிறது. ஆனால் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எங்கள் கல்லூரி சொல்லாது. பிள்ளை கையெழுத்துப் போட்ட அனுமதிப் படிவம் வேண்டும். அந்தப் படிவம் போர்ட்டலுக்குள் இருக்கிறது. என் பெண்ணின் கட்டணத்தைக் கட்டப்போகிறவன் நான். கட்டணம் எவ்வளவு என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். காரில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மகளோடு போனேன். இந்தத் தடவை வேறு ஆள், இளைஞர். கீபோர்டைத் தட்டிவிட்டு, மதிப்பெண் வரவில்லை, தேர்வை மறுபடி எழுதச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லத் தொடங்கினார். சட்டம் அவருக்கு மறந்துபோச்சு போல. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் கேட்டாள்: "பெயர் வேண்டாம், என் பிறந்த தேதியை வைத்துத் தேடிப் பார்க்க முடியுமா?"

தேடினார். பிறகு மானிட்டரை அப்படியே எங்கள் பக்கம் திருப்பினார். இரண்டு வரிகள். ஒரே பிறந்த தேதி, ஒரே வீட்டு முகவரி. மேல் வரியில் பள்ளி அனுப்பிய பெயர், அதோடு ஒட்டிக்கொண்டு டி.எஸ்.ஐ. மதிப்பெண். கீழ் வரியில் எஃப்.என்.யூ., அதோடு விண்ணப்பம். எட்டு இலக்க மாணவர் எண் இரண்டிலும் வேறு வேறு. மற்ற பிள்ளைகளுக்கு இப்படி ஆனால் அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் காட்டிக்கொடுத்துவிடும். எச்-4 பிள்ளைகளுக்கு அந்த எண்ணே கிடையாதே. கல்லூரியைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள்.

இரண்டையும் ஒன்றாக்கப் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், இரண்டு பெயரும் ஒருவரே என்று பள்ளி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். பள்ளியில்தான் யாரும் இல்லையே என்று நான் கையைப் பிசைய, மகளின் தோழி ஒருத்தி வழி சொன்னாள். கவுன்சிலரைத் தேடாதீர்கள், பதிவேடு பார்க்கும் ரெஜிஸ்ட்ரார் கோடையிலும் சில நாள் வருவார். புதன்கிழமை காலை போனோம். பத்தே நிமிஷத்தில் கடிதம் கையில். மூன்று வாரத்தில் எங்களுக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அது. ஜூலை நடுவில் இரண்டு மாணவர் எண்ணும் ஒன்றாயிற்று. ஆனால் ஃப்னு போகவில்லை, சட்டப் பெயர் அதுதானாம். வருகைப் பட்டியலில் அழைக்கும் பெயரை மாற்ற வேறொரு படிவம் உண்டு என்பது அந்த முதல் வகுப்புக்குப் பிறகுதான் தெரிந்தது.

முடிந்தது என்று நினைத்தால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் அடுத்த ஹோல்டு: மெனிஞ்ஜைட்டிஸ் (மூளை உறை அழற்சி) தடுப்பூசி. போட்டிருக்கிறோமே என்று அட்டையை ஏற்றினேன். நிராகரிப்பு. டெக்சாஸில் கல்லூரி வளாகத்துக்குப் போய் உட்கார்ந்து படிக்கிற புது மாணவர்கள் 22 வயதுக்குள் இருந்தால், ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வகுப்பு தொடங்க குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்கவும் வேண்டும். அவளுக்குப் போட்டது 2018 ஜூனில், பதினொரு வயதில். இரண்டே மாத வித்தியாசம். ஏழாம் வகுப்புக்காகப் போடுகிற ஊசி, பதினோராம் வகுப்பில் டூயல் கிரெடிட் தொடங்கும்போது பலருக்குக் காலாவதி ஆகிவிடுகிறது. பதினாறு வயதில் எப்படியும் ஒரு பூஸ்டர் போடச் சொல்வார்கள், பிறந்தநாள் முடிந்த கையோடு போட்டுவிடுங்கள். நாங்கள் குழந்தை மருத்துவரிடம் கெஞ்சி மறுநாளே போட்டோம். முழுக்க ஆன்லைனில் அல்லது பள்ளி வளாகத்திலேயே எடுக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் பில் வந்தது. எதிர்பார்த்த தொகையைப்போல மூன்று மடங்குக்கு மேல். குடியுரிமை இல்லை, கிரீன் கார்டு இல்லை என்று விண்ணப்பத்தில் பார்த்ததும் வெளிமாநிலத்தவர் கட்டணக் கணக்கில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எச்-1பி, எச்-4 குடும்பங்கள் டெக்சாஸில் ஒரு வருஷம் நிலையாக இருந்தால் இங்கே குடியிருப்பவர் என்ற தகுதியைப் பெறலாம். நாங்கள் இருப்பது பத்து வருஷம். கட்டிவிட்டுப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றாள் மனைவி. வேண்டாம் என்றேன், இதில் மட்டும் நான் சொன்னது சரியாக இருந்தது. விசா ஒப்புதல் கடிதமான ஐ-797, வீட்டுக்கடன் பத்திரம், என் வேலைக் கடிதம் மூன்றையும் மகள் கையால் ஏற்றி, மகள் பெயரில் மெயில். ஆறாம் நாள் பில் திருந்தியது. செமஸ்டரின் 12-ஆவது வகுப்பு நாளைச் சென்சஸ் தேதி என்பார்கள். அதற்கு முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள், பிறகு அவர்களை அசைப்பது கஷ்டம்.

இதோடு தொடர்புள்ள ஒன்று, எங்களுக்குப் பொருந்தாது, உங்களில் சிலருக்குப் பொருந்தலாம்: 2023-ல் வந்த சட்டத்தின்படி, பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு, இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் கல்லூரிகளில் டூயல் கிரெடிட் இலவசம். வாய்விட்டுக் கேளுங்கள்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இங்கிலீஷ் 1301, ஹிஸ்டரி 1301, வசந்தகாலத்தில் இரண்டிலும் 1302. முதல் கட்டுரைக்கு 68 வாங்கிக்கொண்டு வந்து அழுதாள், பிறகு பழகிவிட்டாள். இங்கே வாங்குகிற மதிப்பெண் அழியாது என்பதை மட்டும் பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நாளைக்கு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால், பதினாறு வயதில் எடுத்த பாடத்தின் டிரான்ஸ்கிரிப்டையும், அதாவது மதிப்பெண் பதிவையும், கேட்பார்கள்.

கடைசித் தப்புக்கு வருகிறேன். பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில் சும்மா இருக்காதே என்று அவளைக் காலேஜ் ஆல்ஜீப்ராவில், அதாவது மேத் 1314-இல், தள்ளினேன். "எனக்கு இது வேணுமான்னு யார்கிட்டயாவது கேட்டியாப்பா?" என்றாள். கிரெடிட்தானே, வந்தால் லாபம் என்றேன். பன்னிரண்டாம் வகுப்பில் கவர்ன்மென்ட் 2305. ஆக மொத்தம் 18.

மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் கிடைத்தது, மாநிலப் பல்கலைக்கழகத்தில். டிரான்ஸ்கிரிப்ட் தானாகப் போகாது. பள்ளிச் சான்றிதழில் இருந்தாலும் கல்லூரியிலிருந்து தனியாக அனுப்பச் சொல்ல வேண்டும். அனுப்பினோம். பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்துப் புதுசு வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது, ஆனால் கல்லூரிப் பதிவேட்டில் மாற்றச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. டிரான்ஸ்கிரிப்ட் ஃப்னுவாகவே போய்ச் சேர்ந்து, எந்தக் கோப்பிலும் ஒட்டாமல் மூன்று வாரம் அந்தரத்தில் தொங்கியது. மகள் தானே மெயில் எழுதி, பழைய, புதிய பாஸ்போர்ட் இரண்டையும் இணைத்து, இரண்டு நாளில் முடித்துவிட்டாள். முடிந்த பிறகுதான் என்னிடமே சொன்னாள்.

18-ம் ஏற்றுக்கொண்டார்கள். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்குள் பொதுப்பாடத் தொகுப்பு 42 கிரெடிட், அதற்குள் வருகிறவை எங்கே போனாலும் செல்லும். தனியார் பல்கலைக்கழகம் என்றால் அவரவர் இஷ்டம். ஆனால் ஏற்றுக்கொள்வது வேறு, டிகிரிக்குப் பயன்படுவது வேறு. இன்ஜினீயரிங்கில் கணக்கு கால்குலஸில் தொடங்குகிறது. 1314 ஏட்டில் மூன்று கிரெடிட்டாக நிற்கிறது, எதற்கும் உதவாமல். பயன்பட்டது 15. பாடம் எடுப்பதற்கு முன்பு, போக நினைக்கும் டிகிரியின் பாடத்திட்டத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரசியல் பாடம் இங்கே டிகிரிக்கு இரண்டு வேண்டும், பள்ளிக்கு ஒன்று போதும் என்பதால் 2306 மிச்சம் இருக்கிறது. இந்தக் கோடையில் அதே கம்யூனிட்டி காலேஜில் ஆன்லைனில் எடுக்கிறாள். பெயரை மாற்றியாகிவிட்டது. போர்ட்டல் பாஸ்வேர்டு என்னவென்று கேட்டேன். அனுமதிப் படிவத்தை நிரப்பித் தரச் சொன்னாள்.