பழைய மாருதி 800: எஞ்சின் பூட்டும் படலம்

கழற்றிப் போட்ட எங்கள் பழைய மாருதி எஞ்சினின் பிளாக் (சிலிண்டர்கள் உள்ள உடல்), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), ஹெட் (வால்வுகள் உள்ள மேல்பகுதி) மூன்றும் கோவை கணபதி பக்கத்து லேத் பட்டறையிலிருந்து வந்து சேர்ந்துவிட்டன. இனிப் பூட்ட வேண்டியதுதானே என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் வானத்தையும் தென்னை ஓலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குக் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தடுப்பும் கிடையாது. செம்மண் தூசி நாங்கள் வேலை செய்கிற கொட்டகையான சாளைக்குள் புகுந்து மேசை, தட்டு, தண்ணீர்க் குடம் என்று எல்லாவற்றின் மேலும் படியும். எஞ்சினுக்குள் ஒரு சிட்டிகை போனாலும் புதுப் பேரிங்கில் (கிராங்க் சுழல்கிற உலோக வளையம்) கோடு விழும். அதனால் முதல் வேலை சாளையின் மேற்குப் பக்கத்தைத் தார்ப்பாயால் அடைத்ததுதான். தரையில் தண்ணீர் தெளித்து, மேசைமேல் புது பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, காற்று இறங்கியிருக்கும் அதிகாலையில் மட்டும் வேலை என்று வைத்துக்கொண்டோம்.

வண்டி 1985 மாடல், முதல் தலைமுறை மாருதி. எஸ்எஸ்80 என்பார்கள். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் டெல்லி ஹர்பால் சிங்குக்கு முதல் சாவி கொடுக்கப்பட்டதே, அதே சாதி. 1986இல் உருண்டை வடிவ மாருதி வந்ததும் இது நின்றுபோனது. பெட்டி மாதிரியான உடம்பு, 12 அங்குலச் சக்கரம், குறுக்காகப் படுத்த 3 சிலிண்டர் எஞ்சின். இந்த எஞ்சினுக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய சொந்தம் உண்டு. 1980களின் கடைசியில் கோவை கரிவரதன் இதே 796 சிசி எஞ்சினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியதும் அதைத்தான். செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்குக் கரிவரதன் பெயரை வைத்திருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்; அவர் காரில் இருந்தது நம் வீட்டு மாருதி எஞ்சின் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

எங்கள் எஞ்சின் நீலப்புகை விட்டுக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தபோது போர் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் துளை) தேய்ந்து முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. அதைவிட என்னைக் கடுப்பேற்றியது எண்ணெய்ச் சட்டியின் உள்ளே கண்டதுதான். முன்பு எப்போதோ ஒரு பட்டறையில் சட்டியைக் கழற்றி மாட்டியவர்கள் கசிவு தடுக்கும் கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சிலிகான் பசையைத் தாராளமாகப் பிதுக்கியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிட்டார்கள். உள்ளே பிதுங்கியதை யார் பார்க்கப் போகிறார்கள்? அது காய்ந்து, துண்டு துண்டாக அறுந்து, ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் ஒட்டியிருந்தது. சல்லடையின் பாதிக்கு மேல் சாம்பல் நிற ரப்பர் இழைகள். ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடித்து இழுத்தால் நூல் போல நீண்டு, பட்டென்று அறுந்து வந்தது. பேரிங்குகள் ஏன் செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்தன என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பட்டறையில் போரை 0.50 மி.மீ. பெரிதாக்கினோம். 68.5 இப்போது 69.0 ஆகிவிட்டது. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) அதே 72. கணக்குப் போட்டால் 796 சிசி 808க்கு வருகிறது. இதனால் வேகம் ஒன்றும் கூடிவிடாது, சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கிராங்க்கை 0.25 மி.மீ. தேய்த்து அதற்கேற்ற அண்டர்சைஸ் (உள்விட்டம் குறைந்த) பேரிங் வாங்கினோம்.

பட்டறை அண்ணன் வேலையை ஒப்படைக்கும்போது போர் கேஜை என் கையிலேயே கொடுத்துவிட்டார். “அளந்து பாத்துட்டே எடுத்துட்டுப் போங்க தம்பி. அப்பறம் வந்து எம்மேல சொல்லப்படாது.” ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, அடி என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளந்தோம். பிஸ்டனுக்கும் போருக்கும் இடையே 40 மைக்ரான் சுற்றி நின்றது. இந்த வசதி கோவைக்காரர்களுக்கு அருமை தெரியாத வசதி. பம்ப்பும் மோட்டாரும் செய்கிற ஊர் என்பதால் மைக்ரோமீட்டர் படிக்கத் தெரிந்த ஆள் எந்தத் தெருவிலும் கிடைப்பார்.

கிளம்பும்போது அண்ணன் இன்னொன்றும் சொன்னார். “பூட்டறதுக்கு முன்னால சோப்புத் தண்ணில கழுவோணும். டீசல்ல கழுவினா கல்லுப்பொடி உள்ளயே ஒக்காந்துக்கும்.”

இது முக்கியமான விஷயம், நிறையப் பேர் விட்டுவிடுகிற விஷயமும்கூட. ஹோனிங் செய்த, அதாவது கல்லால் தேய்த்துச் சரிசெய்த, சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இருக்கும். எண்ணெயைப் பிடித்து வைக்கவும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் புது ரிங்குகள் உராய்ந்து பதியவும் அந்தக் கோடுகள் வேண்டும். ஆனால் ஹோனிங் கல்லின் துகளும் அந்தக் கோடுகளுக்குள்தான் உட்கார்ந்திருக்கும். டீசலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் பிசுக்கைத்தான் எடுக்கும். துகளைக் கிளப்ப வெந்நீர், சோப்பு, பிரஷ் வேண்டும். குளிக்க வெந்நீர் வைக்கிற அண்டாவை எடுத்துக்கொண்டதற்கு அம்மாவிடம் பேச்சு கேட்டேன். “ஏங்கண்ணு, நீகூட இப்பிடித் தேச்சுக் குளிச்சதில்லியே” என்றார்.

தேய்த்துக் கழுவி, வெள்ளை வேட்டித் துணியை எண்ணெயில் நனைத்துச் சுவரைத் துடைத்தால் துணி சாம்பல் நிறமாக வரும். மறுபடி கழுவல். துணி வெள்ளையாகவே வரும்வரை இதுதான் வேலை. நம் பக்கத்துப் பட்டறைகளில் எதற்கெடுத்தாலும் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான். கை துடைக்க அருமையான துணி, ஆனால் எஞ்சினுக்குள் மட்டும் கூடாது. பஞ்சு உதிர்ந்து எண்ணெய் வழிகளில் போய் நிற்கும். பிளாக்கிலும் கிராங்க்கிலும் உள்ள எண்ணெய்த் துளைகளை பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் குடைந்து, கம்ப்ரசர் காற்றடித்தோம். தண்ணீர் காய்ந்த அடுத்த நிமிடமே போரில் செந்துரு பிடிக்கத் தொடங்கும் என்பதால் மாப்பிள்ளை ஒரு பக்கம் காற்றடிக்க, நான் மறுபக்கம் எண்ணெய் பூசிக்கொண்டே வந்தேன். (மாப்பிள்ளை என்றால் அத்தை மகன், பொள்ளாச்சியில் டிப்ளமோ படிக்கிறான்.)

கழுவல் முடிந்தபின் பூட்டுவது சீக்கிரம் நடக்கிற வேலை. கிராங்க் முதலில். இதில் மெயின் பேரிங் நான்கு. எண்ணெய் வாய்க்கால் உள்ள பாதி பிளாக் பக்கம், வாய்க்கால் இல்லாத பாதி மூடிப் பக்கம். மூடிகளில் எண்ணும் அம்புக்குறியும் உண்டு. அம்பு புல்லியைப் பார்க்க வேண்டும். இறுதியாக இறுக்கும் முன் பிளாஸ்டிகேஜ் வைத்துப் பார்த்தோம். சேமியா மாதிரி ஒரு மெழுகு இழை. அதை ஜர்னல்மேல் (பேரிங்கில் உட்காரும் கிராங்க் பகுதி) வைத்து, மூடியை முழு டார்க்கில் (குறிப்பிட்ட இறுக்கு விசையில்) இறுக்கி, கிராங்க்கைத் திருப்பாமல் மறுபடி கழற்றினால் இழை நசுங்கிப் பட்டையாகியிருக்கும். எவ்வளவு அகலம் என்று அதன் உறையில் அச்சிட்ட அளவுகோலோடு ஒப்பிட்டால் எண்ணெய் இடைவெளி தெரிந்துவிடும். நான்கும் ஒரே அகலத்தில் நசுங்கியிருந்ததைப் பார்த்தபோது பட்டறை அண்ணன்மேல் மரியாதை கூடியது. பிறகு இழையைச் சுரண்டித் துடைத்து, எண்ணெய் விட்டு, மூடிகளை 43 முதல் 48 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கினோம். கிராங்க் இரண்டு விரலால் தள்ளினாலே சுற்றியது.

ரிங் வேலை பொறுமைக்கு. ஒவ்வொரு ரிங்கையும் அது போகப்போகிற சிலிண்டருக்குள்ளேயே தனியாக விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) பார்க்க வேண்டும். ஒவ்வோர் அங்குல விட்டத்துக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 பங்கு என்பது பழைய பட்டறைக் கணக்கு, 69 மி.மீ. போருக்குக் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் ரிங் நீண்டு இரு முனையும் முட்டிக்கொண்டு போரைக் கீறிவிடும். ஒரு ரிங் இறுக்கமாக இருந்தது. சின்ன அரத்தால் ஒரு முனையை மட்டும் மெதுவாகத் தேய்த்தோம். எழுத்து உள்ள பக்கம் மேலே. மூன்று வாயும் ஒரே நேர்க்கோட்டில் வராமல் சுற்றிப் பிரித்து வைத்தோம்.

பிஸ்டனை இறக்கும் முன், அதைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டுகளுக்குப் பெட்ரோல் டியூப் துண்டு மாட்டிவிடுவது நல்லது. போல்ட் மரை கிராங்க்கில் உரசினால் புதிதாகத் தேய்த்ததெல்லாம் வீண். பிஸ்டன் தலை அம்பு புல்லிப் பக்கம், ராடில் உள்ள எண்ணெய்த் துளை இன்டேக் பக்கம். ரிங் கம்ப்ரசரைக் கட்டி, சுத்தியலைத் திருப்பிப் பிடித்து மரப்பிடியால் தட்டினால் போதும். நடுவில் எங்காவது தடைப்பட்டால் அடிக்கவே கூடாது. ரிங் வெளியே துருத்தியிருக்கிறது என்று அர்த்தம். ராடு நட்டுகள் 28 முதல் 32 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு பிஸ்டனும் இறங்கியபின் கிராங்க்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தோம். ஏதாவது பிடித்தால் எந்த சிலிண்டர் என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஹெட்டில் வால்வு சீட் வெட்டி லேப்பிங் (வால்வும் சீட்டும் ஒட்டும்படி தேய்ப்பது) செய்து கொடுத்திருந்தார்கள். போர்ட்டுகளில் பெட்ரோல் ஊற்றிவிட்டு டீ குடித்து வந்தோம், கசிவு இல்லை. ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்கோல் வைத்துப் பார்த்ததில் 0.05 மி.மீ. ஃபீலர் எங்கும் நுழையவில்லை. ஹெட் போல்ட் துளைகளின் அடியில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். போல்ட் இறங்கும்போது அந்தத் திரவத்துக்குப் போக வழி இருக்காது, பிளாக் விரிசல் விடக்கூடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில், 55 முதல் 60 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பக்குவத்தில் இறுக்குகிற மேஸ்திரிகள் இருக்கிறார்கள். அவர்கள் கை அவர்களுக்கு, எனக்கு ரெஞ்ச்தான்.

டைமிங் பெல்ட்டில் இரண்டு புல்லிக்கும் குறிகள் இருக்கின்றன. குறி சேர்த்து, பெல்ட் மாட்டி, டென்ஷனர் ஸ்பிரிங்கை விட்டு, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றியபின் குறி மறுபடி சேர்கிறதா என்று பார்த்துத்தான் டென்ஷனரை இறுக்கினோம். பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் இதில் ஹெட்டின் கோடியில், கேம் ஷாஃப்ட்டோடு சுற்றுகிறது. அதன் கியர் கேஸுக்குள் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்கிறது மேனுவல். வறண்ட பல்லோடு முதல் ஸ்டார்ட் கொடுக்கக் கூடாது என்பதற்காக. எண்ணெய்ச் சட்டிக்குச் சிலிகான் வேண்டிய இடத்தில் நூல் கனத்துக்கு ஒரு கோடு, அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை.

கிளட்ச் பிளேட்டை நடு சேர்க்க கியர்பாக்ஸ் ஷாஃப்ட் அளவுக்கு நைலானில் ஒரு டம்மி கடைந்து வாங்கியிருந்தேன். எஞ்சினைத் தூக்க, போர்வெல் மோட்டார் இழுக்கிற மாமாவின் இரும்பு முக்காலியும் செயின் பிளாக்கும் வந்தன. அவர் நாள்தோறும் ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து குழாயோடு மோட்டாரை இழுக்கிறவர். எங்கள் எஞ்சினைப் பார்த்துவிட்டு, “இதுக்கெதுக்குங்க மாப்ள முக்காலி, இடுப்புல வெச்சே கொண்டு போயிறலாமே” என்றார். சின்ன எஞ்சின்தான். இருந்தாலும் கியர்பாக்ஸோடு சேர்த்து, ரேடியேட்டர் இல்லாத முன்பக்கத்தில், பெயின்ட் கீறாமல் இறக்க செயின் பிளாக்தான் சரி. அவரே சங்கிலியைப் பிடித்து விரற்கடை விரற்கடையாக இறக்கிக் கொடுத்தார்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்து, காயில் வயரை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றினோம். கம்ப்ரஷன் இல்லாததால் பேரிங்குகளுக்குச் சுமை ஏறாமலேயே எண்ணெய் போய்ச் சேரும். பிறகு பிளக் மாட்டி, 1-3-2 என்ற வெடிப்பு வரிசையில் வயர் கொடுத்து, சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. கிராங்க் 240 பாகை சுற்றுவதற்கு ஒரு முறை வெடிக்கிற அந்த மூன்று சிலிண்டர் தடதடப்பு அப்படியே. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒட்டியிருந்த எண்ணெய் கருகி வெள்ளைப்புகை வந்தது. அம்மா பயந்து வெளியே வந்தார், சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. நீலப்புகை இல்லை.

இப்போது ரன்னிங் இன், அதாவது புதுப் பாகங்கள் பதிவதற்கான ஓட்டம், நடக்கிறது. சாதாரண மினரல் எண்ணெய்தான். ஐடிலில் மணிக்கணக்காக விட்டு வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரிங் பதிய வேண்டுமென்றால் சிலிண்டரில் அழுத்தம் ஏற வேண்டும். பொள்ளாச்சி ரோட்டில் வேகத்தை ஏற்றி, ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கி, மறுபடி ஏற்றி என்று ஓட்டுகிறேன். பின்னால் வருகிற லாரிக்காரர்களுக்கு எரிச்சல்தான். முதல் எண்ணெயைச் சீக்கிரமே சூட்டோடு வடித்து, காந்தத்தை விட்டுப் பார்த்ததில் பவுடர் போல மட்டும் ஒட்டியது. புது ரிங்குக்கு அது வழக்கம்தான். வால்வு இடைவெளியை ஒரு முறை சரிபார்த்தாயிற்று.

மாப்பிள்ளைக்கு உடனே வால்பாறை ஏற வேண்டுமாம், 40 கொண்டை ஊசி வளைவிலும். 1,000 கிலோமீட்டர் ஆகட்டும் என்றிருக்கிறேன். அதற்குள் பிரேக் வேலை இருக்கிறது. இடது பின்சக்கரத்தில் வீல் சிலிண்டர் கசிகிறது.