முழுப் பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்றால் நாட்சம்பளம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மாலை நிறுவையில் 18 கிலோ கொழுந்து காட்டினால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். “இந்த மாசம் எத்தன பேரும்மா?” என்று அம்மாவிடம் கேட்டால், எத்தனை நாள் சம்பளம் வரும் என்று அர்த்தம். அந்தச் சொல்லோடு வளர்ந்த நான், 2022 செப்டெம்பரில் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு கொமினிகேஷன் கடையில் உட்கார்ந்து, பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் போடும் ‘கொமன் அப்’ விண்ணப்பத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே முழுப் பெயர் கேட்டது. அங்கேயே நின்றுவிட்டேன்.

இட்ட பெயருக்கு ஒரு பெட்டி, குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? அப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, என் பிறப்பத்தாட்சிப் பத்திரம் சிங்களத்தில் இருந்தது. சாதாரண தரச் சான்றிதழில் பெயர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடியிருந்தது. அடையாள அட்டையில் இன்னொரு விதம். மூன்று தாளிலும் மூன்று வேறு பிள்ளைகள் மாதிரி.

இப்போது விண்ணப்பிக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கல்லூரி தேடுவதற்கு முன்னால் கடவுச்சீட்டு எடுங்கள். அதில் பெயர் எப்படி விழுகிறதோ, பிறகு எல்லா இடத்திலும் அதே எழுத்து, அதே இடைவெளி. அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர்ப் பெட்டியில் போட்டு, என் பெயரை மற்றப் பெட்டியில் போட்டேன். பழைய தாள்களில் உள்ள வித்தியாசங்களுக்கு, மூன்று பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டேன். அந்த ஒரு தாள் கடைசிவரை என்னோடு வந்தது.

அமெரிக்கா என்ற எண்ணம் எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். நான் கணிதப் பிரிவு. 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை பிந்தி, 2022 பெப்ரவரியில்தான் தொடங்கியது. பெறுபேறு ஓகஸ்ட் கடைசியில் வந்தது. நாட்டில் பொருளாதார நெருக்கடி. எங்கும் எண்ணெய் வரிசை, கேஸ் வரிசை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பம் போட்டேன். ஆனால் எனக்கு விருப்பம் புள்ளிவிபரவியல். அதைப் பொருளியலோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது ஆசை. அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வருடம் பல பாடங்களைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பிரதான பாடத்தைத் தீர்மானிக்கிறார்கள் என்று எங்கள் கணித சேர் சொன்னார். கண்டி டி.எஸ். சேனாநாயக்க நூலகத்தில், அமெரிக்கப் படிப்பு பற்றி விசாரிக்கக்கூடிய அமெரிக்கன் கோர்னருக்கும் அவர்தான் என்னை அனுப்பினார். அங்கிருந்து கொழும்பில் உள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் ‘எடியுகேஷன் யூ.எஸ்.ஏ.’ ஆலோசனைப் பிரிவைத் தெரிந்துகொண்டேன். ஆலோசனைக்குக் காசு இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு முந்திய மாதம் கொழும்பில் ஒரு முகவர் எங்களிடம் பெரிய தொகை கேட்டிருந்தார். வங்கியில் சில நாட்களுக்குப் பணம் போட்டுக் காட்டி, தாள் எடுத்துத் தருவதாகவும் சொன்னார். அப்பா அப்போதே எழும்பி வெளியே வந்துவிட்டார். பொய்த் தாளோடு போன பிள்ளைக்கு விசாவும் போகும், மானமும் போகும். அப்பா அன்றைக்குச் செய்தது சரி.

தனியார் கல்லூரி ஒன்றில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 2022இல் வருடத்துக்கு 80,000 டொலர் அளவுக்கு வந்தது. அம்மாவுக்கு அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபாய். 2021 மார்ச்சிலிருந்து அதுதான். 22 பேர் விழுந்த மாதத்தில் கழிவுகளுக்கு முன் 22,000. அன்றைய டொலர் விலை 360 ரூபாய்க்கு மேல். கணக்குப் பார்த்தால் 61 டொலர்தான். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவர்கள் கொப்பியை மூடிவிடுவார்கள். மூட வேண்டாம். வெளிநாட்டு மாணவருக்கும் குடும்பத்தின் வசதிக்கு ஏற்ப உதவி கொடுக்கும் கல்லூரிகள் உண்டு. அவற்றில் இரண்டு வகை. உதவி கேட்கிறோமா இல்லையா என்று பார்க்காமலே சேர்க்கும் முடிவை எடுப்பவை முதல் வகை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்றவை அந்த வகை. 2022இல் டார்ட்மத்தும் சேர்ந்துகொண்டது. மற்ற வகைக் கல்லூரிகள், நாம் எவ்வளவு உதவி கேட்கிறோம் என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்கும். ஆனால் சேர்த்துக்கொண்டால் தேவையானதை முழுதாகக் கொடுக்கும் சின்னக் கல்லூரிகளும் அவற்றில் இருக்கின்றன. பெயர் கேள்விப்படாத கல்லூரி என்று ஒதுக்காதீர்கள். என்னை எடுத்ததும் அப்படி ஒன்றுதான்.

உதவி கேட்பதற்கு ‘சி.எஸ்.எஸ். புரொஃபைல்’ என்று தனியாக ஒரு படிவம். என் மூன்று வார இரவுகளை எடுத்தது அதுதான். வருமானத்தை நம் ரூபாயிலேயே போடலாம், அதில் பிரச்சினை இல்லை. கேள்விகள்தான் வேறு உலகத்துக்கு எழுதப்பட்டவை. வீடு சொந்தமா, வாடகையா? சொந்தம் என்றால் இன்றைய பெறுமதி என்ன? நாங்கள் இருப்பது லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு காம்பரா, ஓர் அறை. தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம். காணி உறுதியும் இல்லை, வாடகையும் இல்லை. தோட்டத்தில் வேலை செய்யும்வரை இருக்கலாம். எந்தப் பெட்டியில் கோடு போடுவது? வாடகை பூச்சியம், சொந்தம் இல்லை என்று போட்டேன். பூச்சியங்களாகவே அடுக்கிக்கொண்டு போனபோது, படிவத்தைப் பார்ப்பவருக்கு நான் எதையோ மறைக்கிறேன் என்றுதான் தோன்றும் என்று பயம் வந்தது.

அப்பா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறார். அவருக்குச் சம்பளச் சீட்டு என்று ஒன்றும் கிடையாது. கடிதம் கேட்டதற்கு முதலாளி தரவில்லை. அதற்கும் ஒரு சத்தியக்கடதாசி. அம்மாவின் சம்பளச் சீட்டுகள் மட்டும் பழைய பால்மாப் பேக்கற் ஒன்றில் பத்திரமாக இருந்தன. பன்னிரண்டு மாதத்துச் சீட்டையும் எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் மாற்றினேன். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், சங்கச் சந்தா, கோயில் காசு, முற்பணம் என்று கழிந்து கழிந்து கடைசி வரியில் நிற்பதுதான் கைக்கு வருவது. அந்த வரிகளை நானும் அன்றைக்குத்தான் முதல்முதலாக முழுதாக வாசித்தேன். பதினெட்டு வருடம் அந்தச் சீட்டில்தான் சாப்பிட்டிருக்கிறேன்.

படிவத்தின் கடைசியில் விசேட நிலைமைகளை விளக்க ஓர் இடம் இருக்கிறது. அதைச் சும்மா விடாதீர்கள். நான் அங்கே ‘பேர்’ என்பதை விளக்கினேன். மழைக்காலத்தில் கொழுந்து எப்படி வரும், வெயில் காலத்தில் 18 கிலோ ஏன் எட்டாது, ஒரே மாதத்தில் முழுப் பேரும் அரைப் பேரும் எப்படிக் கலந்து விழும், லயத்து வீடு யாருடையது, அக்கா கார்மண்ட் என்ற ஆடைத் தொழிற்சாலையில் இருந்து அனுப்பும் காசு எவ்வளவு, வீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கும் கரட்டும் லீக்ஸும் எத்தனை பேருக்குப் போதும் எல்லாம் எழுதினேன். பரிதாபம் வரவைக்க ஒரு வரியும் எழுதவில்லை, கணக்கு மட்டும்தான். ஜனவரி மாதம் ஒரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வருமான எண்ணில் ஒரு பூச்சியம் விடுபட்டிருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதி, சீட்டுகளையும் வரவு செலவுப் பட்டியல் ஒன்றையும் இணைத்தேன். அடுத்த நாளே நன்றி சொல்லிப் பதில் வந்தது. கடைசியில் என்னை எடுத்தது அந்தக் கல்லூரிதான்.

கொமன் அப்பில் நம்மைப் பற்றிய கட்டுரைக்கு 650 சொல் வரை இடம். முதலில் நான் எழுதியது அட்டைக்கடி, ஒழுகும் தகரம், விளக்கு வெளிச்சத்தில் படிப்பு. வாசித்த சேர் தாளைத் திருப்பித் தந்தார். “இது தோட்டத்துல எந்தப் புள்ள எழுதுனாலும் இப்படித்தான் இருக்கும். இதுல நீ எங்கப்பா?” என்றார். இரண்டு நாள் கோபத்தில் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. பிறகுதான் என் பழைய கொப்பி ஞாபகம் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் இருந்து அம்மாவின் கொழுந்து நிறையை நான் எழுதி வைத்திருந்தேன். நிறுவையில் விழும் எண், ஈரத்துக்கும் கூடைக்கும் என்று கழிக்கும் எண், செக்ரோலில் ஏறும் எண். மழை நாளில் எவ்வளவு கழிக்கிறார்கள், வெயில் நாளில் எவ்வளவு, ஏன் சில நாள் இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது என்று கோடு போட்டுப் பார்த்திருந்தேன். புள்ளிவிபரவியல் என்ற சொல் தெரியாமலே அதைச் செய்திருக்கிறேன். அந்தக் கொப்பியைத்தான் எழுதினேன். ஒன்பதாவது தடவைதான் சேர் தலையாட்டினார்.

செயற்பாடுகள் என்று பத்து வரிசை இருக்கும். கழகம் இல்லை, விவாத அணி இல்லை என்று வெறுமையாக விடாதீர்கள். வீட்டுப் பொறுப்புகள் என்றே அதில் ஒரு வகை உண்டு. பீலியில் தண்ணீர் எடுத்தது, தம்பியைப் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு இடத்தில்) விட்டுக் கூட்டி வந்தது, லயத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தது எல்லாவற்றையும் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று போட்டேன்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. எஸ்.ஏ.டி. என்ற சேர்க்கைப் பரீட்சையைக் கேட்காத கல்லூரிகளாகப் பார்த்தேன். ஆங்கிலத்துக்கு டியூலிங்கோ பரீட்சை. வீட்டிலிருந்தே ஒரு மணித்தியாலத்தில் எழுதலாம். ஆனால் நடுவில் இணைப்பு அறுந்தால் போச்சு. அப்போது தினமும் மின்வெட்டு. எங்கள் வலயத்துக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று பார்த்து, டிக்கோயாவில் சேர் வீட்டில் இருந்து எழுதினேன். இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஒரு டீச்சர் தமிழில்தான் எழுதினார். மொழிபெயர்த்து இரண்டையும் சேர்த்து அவரே அனுப்பினார். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாது என்று கல்லூரிகளுக்கு நேராகவே எழுதிக் கேளுங்கள். நான் எழுதிய ஒன்பதில் எட்டு விலக்குத் தந்தன.

கடைசி நாள் பற்றி ஒரு விஷயம். கொமன் அப்பில் கடைசி நேரம் நம்முடைய ஊர் நேரப்படிதான். அமெரிக்காவில் இன்னும் விடியவில்லை, பத்து மணித்தியாலம் கூட இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நல்ல வேளை, டிசம்பர் 30ஆம் திகதி அந்தக் குறிப்பு கண்ணில் பட்டது. சிக்னல் கிடைப்பது காளியம்மன் கோயில் படியில் மட்டும். பனியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, தம்பி டோர்ச் பிடிக்க, ஒன்பதையும் அங்கிருந்தே அனுப்பினேன்.

மார்ச்சில் பதில்கள் வந்தன. ஏழு மறுப்பு. ஒன்றில் காத்திருப்போர் பட்டியல். ஒஹாயோவில் உள்ள சின்னக் கல்லூரி ஒன்று எடுத்துக்கொண்டது, ஏறக்குறைய முழு உதவியோடு. ஏழு மறுப்பும் வலித்தது. அதை மறைக்க மாட்டேன்.

விசாவுக்கு வேண்டிய ஐ-20 என்ற தாளைக் கல்லூரி அனுப்பியதும், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் அப்போது 350 டொலர், விசாக் கட்டணம் 185 டொலர். கிட்டத்தட்ட 170,000 ரூபாய். அம்மாவின் கணக்கில் 170 முழுப் பேர். அக்கா சீட்டுக் கட்டி எடுத்த காசும், சேர் கொடுத்த கடனும், லயத்தில் மூன்று வீட்டார் கொடுத்ததும் சேர்ந்து அது நிறைந்தது. கல்லூரி உதவி இந்த இரண்டு கட்டணத்தையும் பெரும்பாலும் மூடாது. முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.

விசாவுக்கான டி.எஸ்-160 படிவத்தில் ஓர் இடத்தில் முழுப் பெயரைத் தாய்மொழி எழுத்திலேயே எழுதச் சொல்கிறது. அத்தனை மாதத்தில் தமிழில் தட்டச்சுச் செய்தது அந்த ஒரு வரியைத்தான். அப்பா விடுமுறையில் வந்திருந்தார். திரையில் தன் பெயரையும் என் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வாசித்துவிட்டு, “நம்ம எழுத்துல இருக்கே” என்றார்.

விசா நேர்முகத்துக்கு இரவு மெயில் ரயிலில் கொழும்பு போனேன். அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியே விடியும்வரை நின்றேன். உள்ளே மூன்று நிமிடம்தான். ஏன் இந்தக் கல்லூரி, யார் செலவு, பெற்றோர் என்ன செய்கிறார்கள். “தாய் தேயிலைத் தோட்டத் தொழிலாளி, செலவைக் கல்லூரி ஏற்கிறது, கடிதம் இதோ” என்றேன். படித்து முடித்து என்ன செய்வாய் என்று அதிகாரி கேட்டார். கொப்பியைப் பற்றிச் சொன்னேன்.

தோட்டத்து முகவரிக்கு வீட்டு இலக்கம் கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது லயத்துக்கு வரும். அதனால் கடவுச்சீட்டு திரும்பி வருவதற்கு ஹட்டனில் மாமாவின் கடை முகவரியைக் கொடுத்திருந்தேன். வந்துவிட்டது என்று மாமா போன் எடுத்தது ஒரு புதன்கிழமை காலை. “நானும் வாறேன் தம்பி” என்று அம்மா புடவை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். பெரட்டு மணி அடித்து அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. அன்றைக்கு அம்மாவுக்குப் பேர் விழவில்லை.